பரண்ல இடமில்லைங்க

தீபாவளிக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடி அகமதாபாத்ல நவஜீவன் எக்ஸ்பிரஸ் ஏறினவங்களுக்கு நான் சொல்லப் போறது புதுசா இருக்காது. சீட்டுக்கு அடியில கால் வைக்க இடம் இருக்காது. பாந்தினி போர்வை ஒரு மூட்டை, ரஜாய் ஒரு மூட்டை, அட்டைப்பெட்டியில கயிறு கட்டின டின்னர் செட், காக்ராவும் மட்டியாவும் அடைச்ச பை நாலு. நடுவுல 'கண்ணாடி சாமான், ஜாக்கிரதை'ன்னு தமிழ்ல எழுதின பெட்டி மேல ஒரு பொடியன் உக்காந்து பூரி சாப்பிட்டுக்கிட்டு இருப்பான். ஸ்லீப்பருக்கும் மூணாம் ஏ.சி.க்கும் ஆளுக்கு 40 கிலோ, ரெண்டாம் ஏ.சி.க்கு 50 கிலோன்னு ரயில்வே ஒரு கணக்கு வச்சிருக்கு. அந்தப் பெட்டியில இந்தக் கணக்கு தெரிஞ்ச ஒரே ஆள் எங்க ரங்கமணிதான். மத்தவங்க யாரும் எடை போட்டுப் பாத்ததாத் தெரியலை.

குஜராத்துல தீபாவளின்னா பள்ளிக்கூடத்துக்கு மூணு வாரம் லீவு. கடைக்காரங்களும் அவங்க புது வருஷம் முடிஞ்சு லாப் பாஞ்சம் வர்ற வரைக்கும் ஷட்டரைத் தூக்க மாட்டாங்க. அதனால மணிநகர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள்ல பாதிப் பேர் இந்தச் சமயத்துலதான் ஊருக்குக் கிளம்புவாங்க. ரெண்டு ராத்திரி ஒரு பகல் கழிஞ்சு விடிகாலையில சென்னை சென்ட்ரல். எங்களுக்கு அதோட முடியாது. ராத்திரி எழும்பூர்ல மன்னை எக்ஸ்பிரஸ் பிடிக்கணும். நடுவுல ஒரு முழுப்பகல் அந்த மூட்டைகளுக்குக் காவல். ஆட்டோக்காரர் பெட்டிகளை எண்ணிப் பாத்துட்டு, "வீடு மாத்துறீங்களாம்மா?"ன்னு கேப்பாரு. :-)

இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுபோய்ச் சேக்கிறதெல்லாம் கடைசியில எங்க போகுது? எங்க அம்மா வீட்டுல எல்லாம் பரணுக்குப் போகுது. போன தடவை பல்லி விரட்ட ஏணி போட்டு ஏறினப்ப ஒரு கணக்கெடுப்பு நடத்தினேன். பெட்டி பிரிக்காத குக்கர் ரெண்டு. மிக்ஸி ஒண்ணு. கால் அமுக்கிவிடற மெஷின் ஒண்ணு (அக்கா குடுத்தது). மின்சாரக் கெட்டில் மூணு. மன்னார்குடி வெயிலுக்கு யாரோ புண்ணியவான் வாங்கிக் குடுத்த கம்பளி ஸ்வெட்டர் ரெண்டு. ஒரு சூடாறாப் பாத்திரத்து மேல ஒட்டியிருந்த பேரைப் பாத்தா, அது நாங்க அத்தைக்குக் குடுத்தது! அத்தை யாருக்கோ குடுத்து, அவங்க யாருக்கோ குடுத்து, நாலு வருஷத்துல ஒரு சுத்து சுத்தி அம்மாகிட்டயே வந்து சேந்திருக்கு. பெட்டியை ஒருத்தரும் பிரிக்கலை. கேட்டா அம்மா சொல்ற ஒரே பதில்: "நல்ல சாமான்டி. எடுத்து வச்சிருக்கேன்."

எதுக்கு எடுத்து வச்சிருக்காங்கன்னு அவங்களுக்கும் தெரியாது.

ஒரு காலத்துல இதுக்கு அர்த்தம் இருந்துச்சு. அதையும் சொல்லிடணும். 1980கள்ல எங்க பெரியப்பா பம்பாய்ல இருந்து வருவார். அவர் பெட்டியைத் திறக்கிறப்ப தெருவே வந்து நிக்கும். டேப் ரெக்கார்டர், ஒட்டாத தோசைக்கல், மழைக்கோட்டு, மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா. எல்லாமே எங்க ஊர்க் கடையில கிடைக்காதது. பெட்டியைத் திறக்கிறதே ஒரு கச்சேரி மாதிரி இருக்கும். இப்ப நான் இங்க உக்காந்து போன்ல தட்டினா மூணாம் நாள் அந்தச் சாமான் எங்க அம்மா வீட்டுத் திண்ணைக்கு வந்துடுது. கொண்டுவர்ற பையன்கிட்ட அம்மா மோர் வேணுமான்னு கேக்கிறாங்க. அதே சாமானை 2,000 கிலோமீட்டருக்கு மேல தலையில சுமந்துட்டுப் போய்க் குடுத்தா அதுல என்ன சேதி இருக்கு?

இங்க ஒரு விஷயம். சீரை நான் இதுல சேக்கலை. தலைதீபாவளிச் சீர், பொங்கல் சீர் எல்லாம் வேற கணக்கு. தட்டுல என்ன இருக்குங்கறதை விட, பொறந்த வீட்டுல இருந்து தட்டு வந்துச்சுங்கறதை நாலு பேர் பாக்கணும். அதுல எங்க அக்காவோட கௌரவம் இருக்கு. "சீருக்குப் பதிலா உன்னை ஏற்காட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்க்கா"ன்னு சொன்னா அவ சிரிச்சுக்குவா, அவ மாமியார் சிரிக்க மாட்டாங்க. நான் சொல்றது அதுக்கு மேல நாமளா இழுத்துப் போட்டுக்கற சுமையைப் பத்தி.

2022ல அதைக் கொஞ்சம் மாத்திப் பாத்தோம். முதல்ல அப்பா.

எங்க அப்பாவுக்கு அரை வேலி நிலம். பாமணியாத்துத் தண்ணி. எனக்கு விவரம் தெரிஞ்ச நாளா காலையில பேப்பர் வந்ததும் அவர் பாக்கிற முதல் செய்தி மேட்டூர் அணை நீர்மட்டம்தான். 120 அடி முழுக் கொள்ளளவு. ஜூன் 12 திறக்கிற தேதி. எங்க வீட்டுல கல்யாண நாள், பொறந்த நாளெல்லாம் மறக்கலாம், ஜூன் 12ஐ மறக்கக் கூடாது. 2012ல இருந்து 2019 வரைக்கும் எட்டு வருஷம் அந்தத் தேதியில திறக்கவே இல்லை. அந்த வருஷங்கள்ல போன் பண்ணினா அப்பா குரல்லயே நீர்மட்டம் தெரியும். 2020ல மறுபடி ஜூன் 12க்குத் திறந்தாங்க. 2022ல மே 24ஆம் தேதியே திறந்துட்டாங்க. அன்னைக்கு என்னை ஆபீஸ் மீட்டிங் நடுவுல கூப்பிட்டு, "பாப்பா, தொறந்துட்டாங்க"ன்னாரு. ஏதோ எனக்கு பிரமோஷன் வந்த மாதிரி.

இவ்வளவும் இருந்தும் அப்பா மேட்டூரைப் பாத்ததே இல்லை. எழுபத்து மூணு வயசு. அந்த அணையோட மதகை நம்பியே குடும்பம் நடத்தினவர். கேட்டா, "பாத்து என்ன ஆவப்போவுது?"ம்பாரு. மாட்டை யார் பாத்துக்கறது, நாத்தங்கால் என்ன ஆகறதுன்னு ஒவ்வொரு வருஷமும் ஒரு காரணம். அதுக்கு முந்தின வருஷம்தான் அவருக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வச்சிருந்தாங்க. நாங்க ஊருக்குப் போறது வருஷத்துக்கு ஒரு தடவை, பன்னெண்டு நாள். அதுலயும் நாலு நாள் சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிடும். மீதியை நீங்களே கழிச்சுக்கோங்க.

அந்தத் தீபாவளிக்கு மூட்டையைக் குறைச்சோம். ஆளுக்கு ஒரு பெட்டி, கையில ஸ்வீட் பை. தீபாவளி முடிஞ்ச மூணாம் நாள் ஒரு வாடகைக் கார். மாட்டைப் பாத்துக்க எதிர்வீட்டு அண்ணனை முதல்லயே பேசி வச்சாச்சு. அது இல்லைன்னா அப்பா கிளம்பியிருக்கவே மாட்டார். காரு, ராத்திரி தங்க ரெண்டு ரூம், சாப்பாடு எல்லாம் சேத்து 12,000 ரூபா கிட்ட ஆச்சு. அம்மாவுக்கு ஆறவே இல்லை. "அணையப் பாக்கப் பன்னெண்டாயிரமா? அந்தக் காசுக்கு ஒரு கிரைண்டர் வாங்கியிருக்கலாம்." கிரைண்டர் இருக்கேம்மான்னேன். "அது பழசு"ன்னாங்க.

விடிகாலை அஞ்சு மணிக்குக் கிளம்பி தஞ்சாவூர், திருச்சி, நாமக்கல் வழியா மேட்டூர். அப்பா முன் சீட்டுல. வழியில வர்ற ஒவ்வொரு வாய்க்காலுக்கும் டிரைவருக்கு ஒரு பாடம் நடந்துச்சு. பாவம் அந்தத் தம்பி, திருச்சி தாண்டறதுக்குள்ள கல்லணையில இருந்து காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம்னு தண்ணி எப்படி எப்படிப் பிரியுதுன்னு பரீட்சையே எழுதற அளவுக்குத் தேறிட்டாரு.

மேட்டூர் போய்ச் சேந்தப்ப அப்பா ஏதாவது சொல்லுவாருன்னு நாங்க எல்லாரும் அவர் முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தோம். ஒண்ணும் சொல்லலை. அந்த வருஷம் அணை நிரம்பியிருந்துச்சு. பூங்காவுல நின்னு அந்தச் சுவரை அண்ணாந்து பாத்தாரு. 1934ல கட்டி முடிச்ச அணை. அவங்கப்பா, எங்க தாத்தா, அதுக்கு முந்தின காலத்து வெள்ளத்தையும் வறட்சியையும் பத்திச் சொன்னதையெல்லாம் எங்களுக்குச் சொல்லுவாருன்னு நினைச்சேன். அதுவும் இல்லை. பதினாறு கண் மதகை எண்ணினாரு. சரியாப் பதினாறு இருக்கான்னு பாத்தாரு போல. அப்புறம் ஒரு பெஞ்சுல உக்காந்திருந்த உள்ளூர்ப் பெரியவர்கிட்டப் போய்ப் பேச ஆரம்பிச்சவர், ஒரு மணி நேரம் எழுந்திருக்கலை. தண்ணி ரொம்ப வத்தினா பண்ணவாடி பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி வெளியில தெரியும், பழைய மாதாகோயில் கோபுரம் தெரியும்னு அவர் சொல்ல, "அது தெரிஞ்சா எங்க ஊர்ல அடுப்பு எரியாது"ன்னு அப்பா சொல்ல, ரெண்டு பேரும் அப்படிச் சிரிச்சாங்க. நந்தி தலை தெரியற வருஷம் அங்க வேடிக்கை, இங்க வயல் வெடிச்சுக் கிடக்கும். ஒரே ஆத்துக்கு மேல ஒருத்தர், கீழ ஒருத்தர்.

சாயங்காலம் அணைக்கட்டு முனியப்பன் கோயிலுக்குப் போனோம். அங்க பக்கத்துல ஆத்துல இறங்கினாரு. கையில கொஞ்சம் தண்ணியை அள்ளித் தலையில தெளிச்சுக்கிட்டாரு. ரங்கமணி பயந்து போய், "மாமா, பாத்து, வழுக்கும்"னு கையைப் பிடிச்சாரு. அப்பா அந்தத் தண்ணியைப் பாத்துட்டுச் சொன்னாரு: "இது நம்ம ஊருக்கு வர்றதுக்குள்ள நாம வீடு போய்ச் சேந்துடுவோம்."

அவ்வளவுதாங்க. அதுக்கு மேல அவர் ஒண்ணும் சொல்லலை. ராத்திரி மீன் வறுவல் மட்டும் ரெண்டு பிளேட் கேட்டு வாங்கினாரு. (டாக்டர் படிக்க மாட்டார்ங்கற தைரியத்துல எழுதறேன்.)

திரும்பி வந்து அஞ்சாறு நாள் இருக்கும். நாங்க கிளம்பறதுக்கு முந்தின நாள். காலையில ஆத்தங்கரைக்குப் போயிட்டு வந்தவர் வாசல்ல நின்னபடியே சொன்னாரு. "பாப்பா, நாம பாத்துட்டு வந்த தண்ணி இன்னைக்குத்தான் வந்திருக்கும்." மேட்டூர்ல திறந்தா கல்லணைக்கு மூணு நாள். அங்க இருந்து வெண்ணாத்துல இறங்கி நீடாமங்கலம் மூணாறு தலைப்புல வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறுன்னு பிரிஞ்சு வரணும். அந்தக் கணக்கை மனசுக்குள்ள போட்டுக்கிட்டே இருந்திருக்காரு மனுஷன்.

அம்மா கதை வேற. 'பயணத்தைப் பரிசாக் குடு'ன்னு சொல்றவங்க பெரும்பாலும் ஆம்பளைங்கன்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. பயணம்னா நம்ம வீட்டுப் பொம்பளைங்களுக்கு என்ன? முந்தின ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் புளிசாதம் கிளறணும், இட்லிக்கு மிளகாப்பொடி தடவி அடுக்கணும், போற இடத்துல கக்கூஸ் இருக்குமான்னு கவலைப்பட்டுத் தண்ணி குடிக்காம வரணும். மேட்டூருக்கே அம்மா மூணு டப்பா கட்டிக்கிட்டுத்தான் வந்தாங்க. அது அவங்களுக்குப் பரிசு இல்லை, வெளியூர்ல சமையல் வேலை.

அதனால 2023 டிசம்பர் கடைசியில ரங்கமணி வேலையா சென்னை போனப்ப அம்மாவை இங்க கூட்டிட்டு வந்தோம். அப்பாவுக்கு சம்பா அறுப்பு நேரம், வரலைன்னுட்டாரு. அம்மா வரும்போது கூடவே வடகம், மோர்மிளகா, புளி, அரிசி மாவு. நம்ம மூட்டையைக் குறைக்கலாம், அவங்க மூட்டையைக் குறைக்க முடியுமா? விமானத்துல 15 கிலோதான்னு சொல்லிச் சொல்லிக் குறைச்சும் கைப்பையில ஒரு தேங்கா இருந்துச்சு.

மாணிக் சவுக் பத்தித் தெரியாதவங்களுக்கு: பழைய நகரத்துக்கு நடுவுல இருக்கிற சதுக்கம். பகல்ல தங்கம், வெள்ளி வியாபாரம். கடையெல்லாம் மூடின பிறகு அதே இடத்துல மேசை நாற்காலி போட்டு ராத்திரி பூரா சாப்பாட்டுக் கடை. பத்தரை மணிக்கு அம்மாவை அங்க கூட்டிட்டுப் போனேன். முதல்ல நாலு பக்கமும் பாத்தாங்க. "இந்நேரத்துல பொம்பளைங்க ரோட்டுல நின்னு சாப்பிடறாங்களா?" சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. பாட்டிங்க, சின்னப் பொண்ணுங்க, கைக்குழந்தைக்காரிங்க. அம்மா நாப்பத்தஞ்சு வருஷமா எல்லாரும் சாப்பிட்ட பிறகு, மீதி என்ன இருக்குன்னு பாத்து, அடுப்படியில உக்காந்து சாப்பிட்டவங்க. அன்னைக்கு பிளாஸ்டிக் நாற்காலியில உக்கார வச்சு, என்ன வேணும்னு ஒரு பையன் வந்து கேட்டான். அம்மா என்னைப் பாத்தாங்க. "நீங்களே சொல்லுங்கம்மா"ன்னேன். ரொம்ப நேரம் யோசிச்சு, தோசை வேணும்னாங்க. ரெண்டாயிரம் கிலோமீட்டர் வந்து தோசை! வெண்ணெயைக் கொட்டி, அது மேல சீஸைத் துருவிக் கொண்டுவந்து வச்சான். "தோசையை இப்படிக் கொடுமை பண்றாங்களே"ன்னாங்க. ஆனா மிச்சம் வைக்கலை.

உத்தராயண் இங்க எப்பவும் ஜனவரி 14. மறுநாளும் வாசி உத்தராயண்னு பட்டம் விடுவாங்க. 2024ல பொங்கல் 15ஆம் தேதி வந்துச்சு. ஆக, முதல் நாள் மொட்டைமாடியில ஊரோட சேந்து பட்டம், உந்தியு, ஜிலேபி. ரெண்டாம் நாள் அதே மொட்டைமாடியில செங்கல் அடுக்கி நம்ம பொங்கப்பானை. பானை பொங்கற நேரமும் எதிர்மாடிப் பசங்க யாரோ பட்டத்தை அறுத்த நேரமும் ஒண்ணாச் சேந்துடுச்சு. அவங்க "காய்போ சே!"ன்னு கத்த, நாங்க "பொங்கலோ பொங்கல்!"னு கத்த, எந்த மாடியில என்ன விசேஷம்னு ஒருத்தருக்கும் புரியலை.

பக்கத்து வீட்டு பென் அம்மா கையில ஃபிர்க்கியைக் குடுத்துட்டாங்க. பட்டம் விடறவங்க பின்னாடி நூல் உருளையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற வேலை. சும்மா நிக்கிறதுன்னு நினைக்காதீங்க. விடறப்ப விடணும், இழுக்கிறப்ப சுத்தணும். அம்மாவுக்கு குஜராத்தி தெரியாது, அந்த பென்னுக்குத் தமிழ் தெரியாது. ரெண்டு பேரும் சாயங்காலம் வரைக்கும் சண்டை போட்டுக்கிட்டே பட்டம் விட்டாங்க. விரல்ல மாஞ்சா அறுக்காம இருக்க எல்லாரும் டேப் ஒட்டிப்பாங்க. அம்மா அந்த டேப்பை ராத்திரி வரைக்கும் பிரிக்கலை. இருட்டினதும் பட்ட நூல்ல துக்கல்னு காகித விளக்கு கட்டி விடுவாங்க, வரிசையா ஆகாசத்துல ஆடிக்கிட்டு இருக்கும். அதைப் பாத்துட்டு அம்மா கேட்டாங்க: "இதையெல்லாம் நீ வருஷா வருஷம் தனியாத்தான் பாத்துக்கிட்டு இருக்கியா?"

இதுக்கு என்ன பதில் சொல்றது? போங்க.

ஊருக்குப் போனதும் அம்மா தெருவுக்கே அந்தக் கதையைச் சொல்லியிருக்காங்க. நாங்க அறுத்தது ஒரே ஒரு பட்டம். அந்த வருஷ ஆடி மாசத்துல சித்தி போன் பண்ணினப்ப அது மூணா ஆகியிருந்துச்சு. இப்ப கேட்டா அஞ்சோ ஆறோ இருக்கும்.

பிள்ளைங்க விஷயத்துல நான் பெருமை பேசமாட்டேன். அக்கா பையன்கிட்ட, "இந்தத் தடவை சித்தி உன்னை ஒரு நாள் பூரா வெளியில கூட்டிட்டுப் போறேன், அதான் உனக்குப் பரிசு"ன்னதும் அவன், "சரி சித்தி, அப்புறம் நிஜப் பரிசு?"ன்னு கேட்டான். ஏழாம் வகுப்புக்குப் போற பையன் வேற என்ன கேப்பான்! விடிகாலையில வடுவூர் ஏரிக்கு, கையில ஒரு பைனாகுலர். முதல் ஒரு மணி நேரம் போனைக் குடு, போனைக் குடுன்னான். அப்புறம் கூழைக்கடா ஒண்ணு வாயைத் திறந்து மீனை அள்ளினதைப் பாத்ததும் போன் பேச்சு நின்னுச்சு. நத்தைகுத்தி நாரையோட அலகு நடுவுல ஏன் இடைவெளி இருக்குன்னு கேட்டான். பேர்லயே பதில் இருக்குடான்னேன். பைனாகுலரை அவன்கிட்டயே விட்டுட்டு வந்துட்டேன். பொருளே கூடாதுன்னு நான் விரதமெல்லாம் இருக்கலை. நாளோட சேத்து ஒரு சாமான் போனா அது பரணுக்குப் போறதில்லை, அதைத்தான் பாத்தேன்.

ஆனா அனுபவத்துலயும் மூட்டை உண்டு. கொழுந்தனார் ஒரு தீபாவளிக்கு என் மாமனார் மாமியாருக்கு நவக்கிரகக் கோயில் பேக்கேஜ் போட்டுக் குடுத்தாரு. கும்பகோணத்துல இருந்து வேன், ஒரே நாள்ல ஒன்பது கோயில். திங்களூர், ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோயில், கஞ்சனூர், வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், திருநள்ளாறு. மத்தியானம் நடை சாத்தறதுக்குள்ள பாதி முடிக்கணும்னு அந்த வேன்காரர் எல்லாரையும் விரட்டியே கொண்டுபோயிருக்காரு. சாமியை அரை நிமிஷம்கூடப் பாக்க விடலை. மாமியார் கால் வீங்கி வந்தாங்க. "ஒன்பது கோயில்லயும் செருப்பு விட்ட இடம்தான் ஞாபகம் இருக்கு"ன்னாங்க. அதைக் கேட்டதுல இருந்து, காசு கட்டிட்டு நாம கூடப் போகாத எந்தப் பயணத்தையும் எங்க வீட்டுல பரிசுன்னு சேத்துக்கறதில்லை. வயசானவங்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு இடம் போதும். மறுநாள் படுத்துக்கிடக்க ஒரு நாள் வேணும். திடீர் ஆச்சரியமெல்லாம் வேண்டாம், முதல்லயே சொல்லிடணும். அவங்களுக்குப் போறதுக்கு முன்னாடி பத்து நாள் அதைப் பத்திப் பேசறதே பாதி சுகம். டிக்கெட் விஷயத்துலயும் கவனம்: 2024 நவம்பர்ல இருந்து ரயில்ல 60 நாளைக்கு முன்னாடிதான் முன்பதிவு திறக்குது, முன்ன மாதிரி 120 இல்லை. அதனால லீவு தேதியை வீட்டுல இருக்கிற எல்லாரும் சேந்து முடிவு பண்ண நேரம் இருக்கு. திறந்த அன்னைக்குக் காலையில தூங்கிட்டா மட்டும் அவ்வளவுதான்.

சொந்தக்காரங்க என்ன சொன்னாங்கன்னு கேப்பீங்களே? சொன்னாங்க. "வடக்க இருந்து கையை வீசிக்கிட்டு வந்திருக்காங்க"ன்னு ஒரு பேச்சு என் காதுக்கே வந்துச்சு. நியாயம்தான். மேட்டூரைத் தட்டுல வச்சு நீட்ட முடியாது. அதுக்காகத்தான் வீட்டுக்கு வீடு ஒரு பாக்கெட் காக்ரா, ஒரு டப்பா ஸ்வீட் இன்னும் போய்க்கிட்டிருக்கு. அதோட அப்பாவுக்கு, அணைக்கு முன்னாடி அவர் நிக்கிற போட்டோவைப் பெருசா பிரிண்ட் போட்டு மாட்டிக் குடுத்தோம். போன்ல இருக்கிற படத்தை வச்சு அவர் என்ன பண்ணுவாரு? இப்ப அது கூடத்துல காலண்டருக்குப் பக்கத்துல இருக்கு. யாரு வந்தாலும் காபி வர்றதுக்குள்ள பேச்சு அந்தப் பக்கம் போயிடும். பூங்கா டிக்கெட்டை ரேஷன் கார்டு கவருக்குள்ள வச்சிருக்காராம், அம்மா போன்ல போட்டுக் குடுத்தாங்க. அடுத்தது தலைக்காவிரி. இதுவரைக்கும் அவர் வாய் திறந்து கேக்கலை. ஆனா போன வாரம் போன்ல, "குடகுல மழை எப்ப விடும்?"னு விசாரிச்சாரு.

இந்தத் தடவை அக்காவைக் கேட்டேன். உனக்கு என்ன வேணும், எங்க போகணும்னு. கொடைக்கானல் சொல்லுவா, இல்ல தனுஷ்கோடி சொல்லுவான்னு நினைச்சு ரங்கமணி வரைபடத்தை எல்லாம் திறந்து வச்சிருந்தாரு. அவ கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் சொன்னா: "எங்கயும் போக வேணாம்டி. ரெண்டு நாள் அம்மா வீட்டுல தனியா இருக்கணும். பசங்க உன்கூட, அத்தான் அவர் வீட்டுல. காலையில எட்டு மணி வரைக்கும் தூங்கணும். யாரும் என்னை எதுக்கும் கூப்பிடக் கூடாது."

பதினேழு வருஷமா கல்யாணமாகி, இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறவ. ஒரு ராத்திரி தனியா வந்து தங்கினதில்லை. எந்தப் பொங்கலுக்கு வந்தாலும் சாயங்காலம் திரும்பிடணும், மாமியாருக்கு மாத்திரை, பசங்களுக்கு டியூஷன். இதுக்குப் பன்னெண்டாயிரம் எல்லாம் வேண்டாம், பத்து பைசா செலவு இல்லை. ஆனா மேட்டூரை விட இது கஷ்டமான பயணம்னு எனக்குத் தெரியும். மாமியாருக்கு ரெண்டு நாள் யார் சமைக்கறது, மாத்திரை யார் எடுத்துக் குடுக்கறதுன்னு எல்லாத்துக்கும் வழி பண்ணி, ரெண்டு தெரு தள்ளி இருக்கிற நாத்தனார்கிட்டயும் பேசியாச்சு. பசங்க ரெண்டு பேரையும் நான் தரங்கம்பாடிக்குக் கூட்டிட்டுப் போறேன்.

எல்லாத்தையும் ஒண்ணாக் கோத்து நேத்து ராத்திரி அத்தானுக்கு வாட்ஸப்ல போட்டேன். நீலக் கோடு ரெண்டும் விழுந்துடுச்சு. பதில் இன்னும் வரலை.